வீடு வேணும்

"யாருக்கு வேணும், என்ன வேணும், ரெண்டே கேள்விதான் மேடம். நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க, புக்கு அச்சுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு மெர்லின் ஃபோனை வைத்துவிட்டாள், காலையிலிருந்து இது இரண்டாவது ஃபோன். பதிப்பகத்தில் என் மொழிபெயர்ப்பைத் திருத்துகிறவள் அவள். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் தமிழில் ஒரு வரி சப்பென்று இருந்தால் மோப்பம் பிடித்துவிடுவாள். நாவல் முழுக்க வேறெதையும் தொடாமல் இந்த ஒற்றை வரியில் வந்து விரலை வைத்திருக்கிறாள், பல் டாக்டர் சரியாக வலிக்கிற பல்லையே தட்டுகிற மாதிரி. நான் பால்கனியில் நின்றபடி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ஃபோன் பேசப் பால்கனிக்குத்தான் வர வேண்டும், படுக்கையறையில் சிக்னல் நிற்காது, பாதிப் பேச்சில் அறுந்துபோகும். கீழே கூடுவாஞ்சேரி வெயிலில் காய்கிறது, தண்ணி லாரி ஒன்று பின்பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறது. நாலு மணிக்குத்தான் கட்டிலும் வருகிறது. இந்த வரியும் அந்தக் கட்டிலும் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு என்னைப் படுத்துகின்றன. காலையில் இட்லி சாப்பிடும்போது அவர் சொன்னார், "உனக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய கட்டில், அடியில பெருக்கக்கூட முடியல. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருக்கான், பழசைக் குடுத்துட்டு ரெண்டு சிங்கிள் கட்டில் எடுத்துக்கலாம். உனக்கு ஒண்ணு, அந்த ரூம்ல எனக்கு ஒண்ணு. எனக்கும் தரையில படுத்துப் படுத்து முதுகு போச்சு." அவர் என்றால் என் கணவர். குணசீலன் என்று பேர் வைத்து, அதற்குத் தகுந்தபடியே வளர்த்தும் விட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை 'போடி' என்று சொன்னதில்லை. என் ஆபரேஷனுக்குப் பிறகு, மகள் ஹாஸ்டலுக்குப் போய்க் காலியான அறையில், பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். எனக்கு ரெஸ்ட் வேணுமாம். அவராகவே சொல்லிக்கொண்டு அவராகவே பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் இன்று காலை என்ன சொன்னேன்? "சரிங்க" என்றேன். சட்னி இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றும் கேட்டேன். சரிங்க என்று சொன்ன இந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

'உச்சி, ஹோஷீ நென்.' அதுதான் வரி. மூன்றே சொல். நாவலில் ஷிஸூயே சொல்கிறாள். ஒசாகா பக்கத்தில் சோயா சாஸ் காய்ச்சி விற்கிற பெரிய குடும்பத்துக்கு எஜமானி, ஐம்பது வயது, வாய் திறந்து எதையும் கேட்டறியாதவள். ஒரு மழைநாள் மதியம் கணவன் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறான், அந்த முதுகைப் பார்த்து இதைச் சொல்கிறாள். அவன் "ம்" என்கிறான். மறுநாள் காலை தச்சனைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் அவளுக்கென்று ஒரு தனி வீடு கட்டச் சொல்கிறான். கட்டி முடிந்ததும் அவள் அதில் போய் விளக்கேற்றி உட்கார்ந்துகொள்கிறாள், நாவல் முடிந்துவிடுகிறது. நான் 'வீடு வேணும்' என்று மொழிபெயர்த்திருந்தேன். உச்சி என்றால் வீடு, ஹோஷீ என்றால் வேணும், நென் வெறும் ஒசாகா இழுவை, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. காலையில் மெர்லின் கேட்கிறாள், "அவளுக்குத்தான் அரண்மனை மாதிரி வீடு இருக்கே மேடம், அப்புறம் எதுக்கு அந்த நேரத்துல போயி வீடு கேக்குறா?" கேட்டதும்தான் எனக்குப் பிடிபட்டது. ஒசாகாப் பக்கத்துப் பெண்கள் பேச்சில் உச்சி என்றால் நான். வீடுதான், ஆனால் தன்னைச் சொல்லவும் அதையேதான் சொல்வார்கள். எனக்கா இது தெரியாது? அவருடைய வேலை நிமித்தமாக ஒசாகாவை ஒட்டிய சகாய் ஊரில் குடியிருந்தபோது பக்கத்துச் சலவைக்கடை ஃபுமியே-சான் வாய்க்கு வாய் உச்சி உச்சி என்றுதான் பேசுவாள். முதலில் எனக்குச் சிரிப்பாக வரும், நம் ஊரில் உச்சி என்றால் நடு மண்டை, இவள் பேசுகிறபோதெல்லாம் யாரோ தலையில் எண்ணெய் வைக்கிற மாதிரி இருக்கும். உச்சிக்குப் பசிக்கிறது, உச்சிக்கு அந்த லாரி டிரைவரைப் பிடித்திருக்கிறது, ஆமாம், அறுபது வயதில் அப்படித்தான் சொன்னாள், இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே. உங்கள் மொழியில் ஹோஷீக்கு என்ன என்று கேட்டாள். வேணும் என்றேன். வேனும், வேனும் என்று மிட்டாயை வாயில் உருட்டுகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள். இத்தனையும் கேட்டு வந்தவளுக்கு எப்படிக் கை தவறும்? ஷிஸூயேயின் புருஷன் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எனக்கும் விழுந்திருக்கிறது. ஒரு பொம்பளை சொன்னதை நானும் ஆம்பளைக் காதால் கேட்டு, வீடு கட்டிக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டேன். இவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் நண்பர்களிடம்கூடச் சொன்னார், "பாருங்க சார், ஜப்பான்லயும் லேடீஸ் சொந்த வீடுதான் கேக்குறாங்க." எனக்கு இந்த ஃபிளாட்டை வாங்கிக் கொடுத்த பெருமை அவருக்கு. அப்போது நானும் சிரித்தேன், காபியை ஆற்றிக்கொண்டே.

இதில் பெரிய வேடிக்கை அந்த முன்னுரை. நவீன ஜப்பானிய நாவல்களில் பெண்களின் மறைந்திருக்கும் அதிகாரம், ஆசை, இதைப்பற்றி ஒரு முன்னுரை வேண்டும் என்று மெர்லின் கேட்டாள், நானும் மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். அந்த நாவல்களில் வரும் பெண்கள் கத்துவதில்லை என்று எழுதினேன். தலை வாருவார்கள், தேநீர் ஊற்றுவார்கள், கிமோனோவின் கழுத்தைச் சரிசெய்துகொள்வார்கள், அதற்குள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறியிருக்கும் என்று எழுதினேன். ஷிஸூயேக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லையென்றால் காலைச் சாப்பாட்டில் சோற்றுக் கிண்ணத்தையும் சூப்புக் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைப்பாள், அது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை. கணவன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போய், முந்தின நாள் போட்ட உத்தரவை வாபஸ் வாங்குவான், தனக்கே தோன்றியதாக நினைத்துக்கொண்டு. இதைப் படித்தபோது உச்சி குளிர்ந்தது எனக்கு, இது எங்கள் வீடாச்சே என்று. கல்யாணமான புதிதில் அவர் நண்பர்கள் கேட்பார்கள், "உங்க வீடு மதுரையா சிதம்பரமா?" அவர் தயங்காமல் சொல்வார், "மதுரைதான், சந்தேகமே வேணாம், மீனாட்சி ஆட்சி." பொய்யில்லை. ஜப்பானுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது நான், திரும்பி வரலாம் என்றதும் நான். இந்த ஃபிளாட் வேண்டும் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை, வாடகை வீட்டு ஓனரம்மா படுத்துகிற பாட்டை மட்டும் மத்தியானச் சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினேன், ஆறு மாதத்தில் அவரே வந்து "சுகந்தி, ஒரு யோசனை தோணுச்சு" என்றார். மகள் எந்தக் காலேஜ், அவருக்கு எந்தக் கம்பெனி, எல்லாம் அப்படித்தான். மதுரை ராணி நான். ஆனால் எந்த மதுரையிலும் இதற்கு மட்டும் சாசனம் இல்லை போலிருக்கிறது. சாம்பாரில் உப்பைக் குறைத்து இதைச் சொல்ல முடியுமா? ஓனரம்மாவை வைத்து இதைப் பரிமாற முடியுமா? முயற்சி செய்யாமல் இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த பாசிப்பச்சைப் புடவையைச் சும்மா ஒரு சாயங்காலம் கட்டிக்கொண்டு நின்றேன், "எங்கயாவது விசேஷமா?" என்றார். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டேன், "பூ வெல ஏறிப்போச்சுல்ல" என்றார். தலைவலி என்று படுத்தேன், தைலம் கொண்டுவந்து டேபிளில் வைத்துவிட்டு லைட்டை அணைத்துவிட்டுப் போனார், கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்தினார். முன்னுரையில் ஆசை என்ற சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடிகிறது. அந்த எட்டுப் பக்கத்தை எழுதினவள் யார், இங்கே நிற்கிறவள் யார் என்று எனக்கே புரியவில்லை.

கழுத்திலிருந்து ஏறுகிறது பார், அனல். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான், காரணமே இல்லாமல் காதுமடல் வரை கொதிக்கும், ஃபேனுக்கு நேராக நின்றாலும் அடங்காது. படுக்கையறைக்கு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். காலையிலேயே மெத்தை விரிப்புகளை எல்லாம் எடுத்து மடித்துவிட்டேன், அவர் சொல்லாமலேயே, அவ்வளவு சமர்த்து. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவருடைய அக்கா ராஜாத்தி மதினி சிவகாசியிலிருந்து வந்து பத்தியச் சமையல் செய்து போட்டார். நல்ல மனுஷி. பூண்டை உரித்துக்கொண்டே சொன்னார், "இனிமே என்னத்தா, ஒரு தொந்தரவும் இல்ல. கடையச் சாத்தியாச்சு." கேட்டுக்கொண்டிருந்த வேலைக்காரம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், தையல் வலித்தது. கடையைச் சாத்தியாச்சாம். சரக்கெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது மதினி, இன்னும் சொல்லப்போனால் முன்னைவிடக் கூடுதலாக இருக்கிறது, மாதாமாதம் ஆறாய்ப் பெருகின தொல்லை போன பிறகுதான் உடம்பு என்னுடையது என்றே தெரிகிறது, இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா இவர் முன்னாலேயே சொன்னார், எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, இனி வழக்கம்போல இருக்கலாம் என்று. இவர் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டில் தடுப்பூசி போடக் குழந்தையே இல்லை. வழக்கம்போல என்றால் நடக்கலாம், சாமான் தூக்கலாம் என்று எடுத்துக்கொண்டாரோ? இல்லை. அவருக்குப் புரிந்தது. பயம்தான். குளியலறையில் நான் ரத்தத்தில் கிடந்தபோது கதவை உடைத்துக்கொண்டு வந்து தூக்கியவர் அவர். அவருடைய வெள்ளைப் பனியன் எப்படி இருந்தது என்று, அப்போது லீவுக்கு வந்திருந்த மகள் பிறகு சொன்னாள். அன்றைக்குப் பிறகு என் தோளைத் தொட்டால்கூட, சூடா ஆறிவிட்டதா என்று பார்க்கத் தொடுகிற மாதிரி, விரல் நுனியால் தொட்டு எடுத்துக்கொள்கிறார். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் ஆக்கி அலமாரியில் வைத்துவிட்டார். கண்ணாடிப் பாத்திரத்தில் யாரும் சமைப்பதில்லை. அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம், சண்டை போட்டிருப்பேன், மதினியிடம் சொல்லி அழுதிருப்பேன். இவ்வளவு நல்லவரை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

சகாயில் கட்டில் கிடையாது. தரையில் இரண்டு மெத்தைகளைப் பக்கம் பக்கமாக விரித்துக்கொள்வோம், காலையில் மடித்து அலமாரிக்குள் திணித்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழும், எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் விழும், குளிர்காலத்தில் அந்தக் கோட்டின் வழியாகத் தரையின் ஜில்லிப்பு மேலே வரும். மகள் அப்போது கைக்குழந்தை, சுவர் ஓரமாகத் தூங்குவாள். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, மெதுவாக, ஆபீசர்களிடம் பேசுகிற பவ்யத்தோடு கேட்பார், "மேடம், விசா கிடைக்குமா?" நான் என்ன காரணத்துக்காக வருகிறீர்கள் என்பேன். "சுற்றுலாதாங்க" என்பார். ஒரு நாள் "தொழில் நிமித்தம்" என்றார், இருவரும் சிரித்துக் குழந்தை எழுந்துவிட்டது. நான் கட்டைவிரலால் அவர் நெற்றியில் ஒரு குத்துக் குத்துவேன், அதுதான் முத்திரை, பிறகு கோடு என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். அவர் மார்பில் அப்போது இயந்திர எண்ணெயும் சோப்பும் கலந்த வாசம் இருக்கும். ஊருக்குத் திரும்பியதும் இந்தக் கட்டிலை வாங்கினோம், ஒரே பெரிய மெத்தையாகத்தான் கேட்டேன், கடையில் இரண்டு பாதியாகத்தான் கொடுத்தார்கள், இதிலும் கோடு உண்டு. அவர் கடையிலேயே என் காதருகில் சொன்னார், "பார்டர் இருந்தாத்தான் மேடம் விசாவுக்கு மரியாதை." போன தீபாவளிக்கு மறுநாள், அவர் தலையணை உறை எடுக்க இந்த அறைக்கு வந்தபோது, எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஏங்க, விசா வேணுமா?" என்று கேட்டேன். சிரித்தேன்தான், ஆனால் கேட்டேன். அவர் அப்படியே நின்றார். ஒரு கணம் அந்தப் பழைய முகம் வந்தது, நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு உறையைக் கையில் மடித்துக்கொண்டே, "நாமதான் சிட்டிசன் ஆயிட்டோமே, இனிமே எதுக்கு விசா? தூங்கு, தூங்கு" என்று போர்வையை இழுத்து என் கால் வரை மூடிவிட்டுப் போனார். சிட்டிசன். அன்றிலிருந்து இந்த ஒரு சொல் என் காதுக்குள் கொசுவாய்ச் சுற்றுகிறது. குடியுரிமை கிடைத்தவர்கள் அந்த நாட்டுப் பக்கமே வர மாட்டார்களா?

மணி மூன்றரை தாண்டியிருக்கும். வரியை முதலில் முடிப்போம். 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட வேண்டியதுதான். வீட்டை எடுத்துவிட்டு எனக்கு என்று போட்டால் போதும், ஒரு சொல், ஷிஸூயே உயிரோடு எழுந்து உட்காருவாள். மெர்லினிடம் காலையிலேயே இதைச் சொன்னேன், அவள் விடவில்லை. "எனக்கு வேணும்னா, தமிழ்ல உடனே என்ன வேணும்னு கேப்பாங்களே மேடம்." ஜப்பானிய மொழியில் அதைச் சொல்வதில்லை, அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும் என்று வாயை அடைத்தேன். யாருக்கு என்பதுதான் முக்கியம். வேணும் என்பதே ஒரு திருட்டுச் சொல், வந்தேன் போனேன் என்றால் அதன் வாலில் நான் இருப்பேன், வேணும் என்பதில் ஆளே கிடையாது, யாருடைய ஆசை என்று எங்கேயும் எழுதியிராது. ஒரு ஜப்பானிய பேக்டரியில் வாரம் மூன்று நாள் பேச்சை மொழிபெயர்க்கிற வேலை எனக்கு, ஜப்பானிய மேனேஜர் ஒன்று சொன்னால் நான் 'நான்' என்று ஆரம்பித்துத் தமிழில் சொல்வேன், சூப்பர்வைசர் பதில் சொன்னால் அதற்கும் ஒரு 'நான்' போடுவேன். எத்தனையோ ஆண்களின் நான் என் வாய் வழியாக வந்து போயிருக்கிறது. என் சொந்த நான் வரவேண்டிய இடத்தில் வீடு என்று எழுதுகிறேன். இன்னொன்று நினைத்தால் சிரிப்பும் அழுகையுமாக வருகிறது. எங்க வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க, எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க என்று சொல்கிறோமே, அந்த வீடு யார்? புருஷன்தானே. அங்கே வீடு என்றால் நான், இங்கே வீடு என்றால் அவர். அப்படியானால் வீடு வேணும் என்று என் கை எழுதியது தப்பா, சரியா? என் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, வாய்க்குத்தான் தெரியவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால், இது ஊரறிந்த சமாசாரம், ஆனால் நாற்பத்தாறு வயதுப் பிள்ளை எப்படி அழும்? கேட்டால் என்ன ஆகும்? "என்னம்மா இது, இந்த வயசுல" என்பாரா? அப்படிச் சொன்னால்கூடப் பரவாயில்லை. "அதுக்கென்ன" என்று, மருந்து வாங்கிவரச் சொன்னால் போவாரே அந்த முகத்தோடு, இரக்கப்பட்டு வந்து படுத்தால்? அதுதான் பயம். எனக்கு வேண்டியது அவர் தருவது இல்லை, அவருக்கும் வேணும் என்பது. இதை எப்படிக் கேட்டு வாங்க முடியும்? கேட்காவிட்டாலோ இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கட்டில் லாரி ஏறிவிடும், ஆளுக்கொரு கட்டில், நடுவில் ஒரு சுவர், கோட்டைத் தாண்டலாம், சுவரை எப்படித் தாண்டுவது. சிங்கிள் கட்டில் வந்த பிறகு யாரும் திரும்ப டபுள் கட்டில் வாங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்ததாக அந்தக் கட்டிலிலிருந்து தூக்கிக் கொண்டுபோவதுதான். எனக்கு வேணும். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், காலி அறையில். எனக்கு வேணும். குரல் கரகரத்தது, யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. எனக்கு வேணும், எனக்கு வேணும், எனக்கு வேணும். லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, அதன் இரும்புக் கதவு நீண்ட நேரம் திறந்தே கிடந்து பீப் பீப் என்று கத்தியது. பெரிய சாமான் இறக்குகிறார்கள்.

அவர் தலையில் சிலந்திவலை ஒட்டியிருந்தது, எங்கேயோ கிடங்குக்குள் தாமே புகுந்து தேர்ந்தெடுத்திருக்கிறார், அப்படிப்பட்ட மனுஷர். பின்னால் இரண்டு ஆட்கள், ஒருவர் கையில் ஸ்பேனர்.

"சுகந்தி, வந்தாச்சு. இவங்க பழசைப் பிரிச்சு எடுத்துட்டு அப்படியே புதுசை மாட்டிடுவாங்க. நீ ஹால்ல போய் உக்காரு, தூசியா இருக்கும், உனக்கு ஒத்துக்காது."

"ஏங்க" என்றேன்.

"சொல்லு."

"எனக்கு வேணும்."

சொல்லிவிட்டேன். அனல் காது வரை ஏறியது. அவர் புருவத்தைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, முழுக் கவனத்தோடு என்னைப் பார்த்தார், அந்தக் கவனத்தைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்குச் சொர்க்கமே தெரிந்தது. பிறகு அவர் முகம் தெளிந்தது.

"ஓ, அதுவா. சொல்றதுக்கு என்ன?" ஆட்களிடம் திரும்பினார். "ஏம்ப்பா, அந்தத் தேக்குக் கலர் கட்டில் அம்மாவுக்கு வேணுமாம். அதை இந்த ரூம்ல போட்டுருங்க. ப்ரௌன் கலரு எனக்கு இருக்கட்டும்."

மெர்லின் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டு. நான் காலையிலிருந்து முதல் கேள்வியோடு மல்லுக்கட்டி, யாருக்கு யாருக்கு என்று மண்டையை உடைத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இரண்டாவதை அப்படியே விட்டிருக்கிறேன். என்ன வேணும்? அவளுக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும் என்றேனே, அவனுக்குத் தெரியவில்லையே, அவன் போய்த் தச்சனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறானே. இத்தனை பக்கம் மொழிபெயர்த்தும் அந்த ஒன்று எனக்கு உறைக்கவில்லை. ஷிஸூயே என்ன செய்தாள்? தோட்டத்து வீட்டுக்குப் போய் விளக்கேற்றினாள். முன்னுரையில் அதை மௌனத்தின் வெற்றி என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். என்ன வெற்றி. உயிரோடு செத்தாள் அவள்.

ஸ்பேனர்க்காரர் தலைமாட்டுப் பக்கம் குனிந்தார். நான் போய்க் கட்டிலின் நடுவில், இரண்டு மெத்தைக்கும் இடையிலிருக்கும் அந்தக் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன், சப்பணம் போட்டு.

"அம்மா, கொஞ்சம் எந்திரிங்க, போல்ட்டு கழட்டணும்."

"மாட்டேன்."

"என்னாச்சு? முடியலையா?" அவர் ஓடிவந்தார். "தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?"

"எந்திரிக்க மாட்டேன்."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, விரல் நுனி படுவதற்குள் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் ஃபோன் அடித்தது, மடியில் கிடந்தது, மெர்லின். எடுத்துக் காதில் வைத்தேன். "மேடம், ஃபைல் அனுப்பணும், அந்த வரி..." என்றாள், பிறகு கரகரவென்றது. நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக, பேக்டரியில் சொல்வது மாதிரி நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

"எழுதிக்கோ. எனக்கு நீங்க வேணும்."

ஸ்பேனர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"வீடு இல்ல. கட்டில் இல்ல. நீங்க. பாவம்னு நெனச்சு வேணாம். நான் ஒடைய மாட்டேன். உங்களுக்கும் வேணும்னா வாங்க. அதான் வரி."

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன, என்னுடையவை போலவே. ஆட்களைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஸ்பேனர்க்காரர் மற்றவரின் முழங்கையைத் தொட்டு, "கீழ வண்டியில ஸ்க்ரூ பாக்கெட் விட்டுட்டோம்" என்று சொல்லி அவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் புத்தியுள்ள ஒருவர் அவர்தான்.

"ஃபோன்ல அந்த மெர்லின் பொண்ணா?" என்றார் அவர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "புக்குல வர்ற வரியா அது?"

"மெர்லின்தான். ஆனா லைன் அப்பவே கட்டாயிடுச்சு. இந்த ரூம்லதான் சிக்னல் இருக்காதே."

அவர் அசையாமல் நின்றார். சிலந்திவலை இன்னும் தலையிலேயே இருந்தது.

"அப்ப இவ்ளோ நேரம் யார்கிட்ட சொல்லிக்கிட்டிருந்த?"

ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, கோட்டுக்கு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, அவருடைய பக்கத்தைக் காலி பண்ணிக் கொடுத்தேன்.